காமிராவும் கம்மலும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நம் ஊரில் ஏதாவது ஒரு தெருவில் நின்று பாருங்கள். பால்காரர் வந்து போவார். பத்திரிகைப் பையன் வந்து போவான். அவர்களுக்குப் பின்னால் ஐந்தாறு கல்லூரி மாணவ மாணவியர் வருவார்கள். ஒருவன் கையில் செல்போன். இன்னொருவன் கையில் அரை அட்டை தெர்மோகோல். ஒரு பெண்ணின் கையில் குடை. மழைக்காகக் கொண்டு வந்த குடை என்று நினைத்துவிடாதீர்கள். கதாநாயகன் முகத்தில் வெயில் நேரே விழாமல் தடுக்க வந்த குடை அது! "அண்ணா, ஒரே ஒரு நிமிஷம், வண்டியை அங்கேயே நிறுத்திக்கிறீங்களா? ஷாட் போயிட்டிருக்கு" என்று தண்ணீர் லாரிக்காரரிடம் ஒரு குரல் கெஞ்சும். அவரும் சிரித்துக்கொண்டே நிறுத்துவார்.

'விஸ்காம்' என்று செல்லமாக அழைக்கப்படும் காட்சித் தொடர்பியல் படிப்பு இன்று சிறு நகரங்களின் கல்லூரிகளுக்கும் வந்துவிட்டது. அந்தப் படிப்பில் போட்டோ எடுப்பதும் குறும்படம் எடுப்பதும் பொழுதுபோக்கில் சேர்ந்தவை அல்ல. மார்க் போடப்படும் பாடங்கள். கணக்குப் பாடத்துக்கு நோட்டும் பென்சிலும் போதும். இந்தப் பாடத்துக்குக் காமிரா வேண்டும், விளக்கு வேண்டும், ஒலி பிடிக்கும் கருவி வேண்டும், நடிக்க ஆள் வேண்டும், வந்த ஆளுக்கு டீயும் பன்னும் வேண்டும். இவற்றில் பாதிகூட இல்லாமல் எப்படியோ எடுத்து முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் காட்சியைப் பார்த்ததும் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவது வழக்கம். "படிக்கிற பிள்ளைகளுக்கு இதென்ன கூத்து?" என்பது முதல் கட்சி. "பாவம், கையில் காசில்லை, இருந்தும் என்ன சாமர்த்தியம்! கஷ்டத்தில்தான் ஐயா கலை பிறக்கும்" என்பது இரண்டாவது கட்சி. முதல் கட்சியோடு எனக்கு வழக்கில்லை. எந்தக் காலத்திலும் எந்தப் புதுப் படிப்பையும் பார்த்து அப்படிச் சொல்கிறவர்கள் இருந்தே வந்திருக்கிறார்கள். என் வழக்கெல்லாம் இரண்டாவது கட்சியோடுதான். சில மாதங்களுக்கு முன்பு வரை நானும் அந்தக் கட்சியின் அங்கத்தினனாக இருந்தவன். ஆகவே உள்ளிருந்தே வழக்காட எனக்கு உரிமையுண்டு.

தெர்மோகோல் தரும் பாடம்

முதலில் எதிர்க்கட்சியின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். குறைந்த வசதி ஒரு நல்ல வாத்தியார் என்பதில் ஐயமில்லை.

உச்சி வெயிலில் ஒருவரை நிறுத்திப் படம் எடுத்தால் அவருடைய கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். ஸ்டூடியோக்காரர்கள் இதற்கென்று பெரிய விளக்குகள் வைத்திருக்கிறார்கள். மாணவனிடம் இருப்பதோ ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய தெர்மோகோல். அதை முகத்துக்குக் கீழே சற்றுச் சாய்த்துப் பிடித்தால், வெயில் அதில் பட்டு, மெத்தென்று முகத்தில் ஏறுகிறது; கண்ணில் உயிர் வந்துவிடுகிறது. அதுவும் இல்லையா? அப்பாவின் வெள்ளை வேட்டி போதும்.

வேட்டி என்றதும் சிரிக்க வேண்டாம். 1956-ல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி நகரத்து வீட்டின் முற்றம் ஒன்றைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். முற்றத்தில் வானத்து வெளிச்சம் நிழலின்றிப் பரவி விழுமே, அதை எப்படிக் கொண்டுவருவது? ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்களை நோக்கித் திருப்பாமல் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி அசல் முற்றத்து ஒளியாக இறங்கியது. உலகமெங்கும் பின்னர் பேசப்பட்ட அந்த வித்தைக்கு வேண்டியிருந்த முதல் சாமான் துணிதான்!

குழல் விளக்கின் கதையையும் கேளுங்கள். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. அதனால் பழைய குழல் விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது; காமிராவுக்குத் தெரியும். படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து போகும். ஷட்டர் வேகத்தை வினாடியில் 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்கு என்று வைத்தால் பட்டை மறைந்துவிடும். புத்தகத்தில் ஒரு வரியில் முடியும் இந்த விஷயத்தை, ஓர் இரவு முழுவதும் எடுத்த படம் பாழாய்ப் போன பிறகு கற்றுக்கொண்ட மாணவன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

ஒலி இன்னும் பெரிய சங்கடம். படம் சற்று மங்கலாக இருந்தாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே நடிப்பவர் சட்டைப் பையில் இன்னொரு செல்போனைப் பதிவுக்குப் போட்டு ஒளித்துவைக்கிறார்கள். காமிராவுக்கு முன்னால் ஒருவன் ஓங்கிக் கைதட்டுகிறான். பிறகு கை சேரும் படத்தையும் தட்டிய ஒலியையும் ஓரிடத்தில் பொருத்திவிட்டால் மற்றதெல்லாம் தானே பொருந்திவிடும். மின்விசிறியை நிறுத்துகிறார்கள், உறுமுகிற பிரிட்ஜையும் நிறுத்துகிறார்கள். மறுபடி அதைப் போட மறந்துவிட்டால் வீட்டுக்காரரின் மாவு புளித்துப்போகுமே! அதற்கும் ஒரு யுக்தி உண்டு: மோட்டார் சைக்கிள் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. வீட்டுக்குப் போகச் சாவி தேடும்போது பிரிட்ஜின் ஞாபகம் தானே வரும்.

இத்தகைய சாமர்த்தியங்களை நான் நூறு சொல்லலாம். எல்லாம் உண்மை, எல்லாம் பாராட்டத்தக்கவை. ஆனால் இந்தப் பாராட்டு எங்கே போய் முடிகிறது என்பதுதான் பிரச்சினை.

பிலிம் இல்லாத சினிமா

1919-ம் ஆண்டு மாஸ்கோவில் ஒரு திரைப்படக் கல்லூரி தொடங்கினார்கள். உலகின் மிகப் பழைய திரைப்படக் கல்லூரி என்று பெயர் பெற்றது அது. உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வெளிநாட்டிலிருந்து பிலிம் வருவது நின்றுபோயிருந்தது. சினிமாக் கல்லூரி இருக்கிறது. சினிமா எடுக்க பிலிம் இல்லை! அங்கே லெவ் குலெஷோவ் என்ற இருபது வயது கடந்த வாலிபர் ஆசிரியராக வந்து சேர்ந்தார். பிலிம் இல்லாவிட்டால் என்ன என்று மாணவர்களை வைத்துப் 'பிலிம் இல்லாத சினிமா' நடத்தினார். ஒவ்வொரு ஷாட்டையும் மேடையில் நடித்துக் காட்டுவது. எங்கே வெட்ட வேண்டும், எங்கே ஒட்ட வேண்டும் என்பதை அதைக் கொண்டே படிப்பது.

பழைய படத் துண்டுகளையும் அவர் விடவில்லை. ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்குப் பக்கத்தில் ஒட்டினார். பார்த்தவர்களுக்கு அந்த முகத்தில் பசி தெரிந்தது. அதே முகத்தைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார், துக்கம் தெரிந்தது. முகம் ஒன்றுதான், பக்கத்தில் வந்த படம்தான் வேறு. படத்தொகுப்பின் பால பாடமாக இன்று உலகமெங்கும் சொல்லித்தரப்படுகிற விஷயம் இது. அந்த வகுப்பில் படித்த புடோவ்கின் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற டைரக்டராக விளங்கினார்.

"பார்த்தீரா? நான் சொன்னது சரியாகப் போய்விட்டது!" என்று எதிர்க்கட்சி நண்பர் மேசையைத் தட்டுவார். சற்றுப் பொறுங்கள். அந்த வகுப்பில் பிலிம் இல்லாதவர் யார்? எல்லோரும். ஆசிரியருக்கும் இல்லை, மாணவருக்கும் இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை நான்கு பெட்டி பிலிமோடு வந்து உட்கார, ஏழை வீட்டுப் பிள்ளை மட்டும் மேடையில் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கவில்லை.

பிலிம் காலத்துத் திரைப்படப் பள்ளிகளிலும் இந்த நியாயம் இருந்தது. ஒவ்வொரு பயிற்சிக்கும் இத்தனை அடி பிலிம் என்று அளந்து கொடுப்பார்கள். 16 மில்லிமீட்டர் பிலிம் 100 அடிச் சுருள் ஒன்று ஓடுகிற நேரம் மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். கையில் நூறு அடிதான் இருக்கிறது என்றால், பொத்தானை அழுத்துவதற்கு முன் மனிதன் யோசிக்கிறான்; பக்கத்து நண்பனுக்கும் நூறு அடிதான் என்றால், பொறாமைப்படாமல் யோசிக்கிறான். சென்னையில் 1945-ல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒரு பிரிவாகத் தொடங்கிய திரைப்படப் படிப்பு பின்னர் தனிக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே பயின்ற இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து 1986-ல் தந்த 'ஊமை விழிகள்' படத்தைத் தமிழ்நாடு திரண்டு போய்ப் பார்த்ததை நம் வாசகர்களில் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

குறை எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் அது பாடம். ஒருவனுக்கு மட்டும் இருந்தால் அது தண்டனை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

பூவைத் தின்ற மாடுகள்

கஷ்டத்தில் கலை பிறக்கும் என்பவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவது 'பதேர் பாஞ்சாலி'. அதையும் பார்த்துவிடுவோம்.

1952-ல் படப்பிடிப்பு தொடங்கியபோது ராய் விளம்பரக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். விடுமுறை நாட்களில்தான் ஷூட்டிங். ஒளிப்பதிவாளர் மித்ராவுக்கு இருபதைச் சற்றே கடந்த வயது. அதற்கு முன் சினிமாக் காமிராவைக் கையால் இயக்கியவரல்லர். முதல் நாள், வெண்ணிற நாணல் பூக்கள் அலையலையாக நின்ற வயல்வெளியில் பாதிக் காட்சியை எடுத்தார்கள். மீதியை எடுக்க அடுத்த வாரம் போனால், பூவைக் காணோம்! மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பருவத்தில் பூக்கும் வரை அந்தக் காட்சிக்காகக் காத்திருந்தார்கள்.

மாடு தின்றது பூவை மட்டும். பணமில்லாமை தின்றது காலத்தை. ராய் தம் இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கரைத்தார். ஆசையோடு சேர்த்த இசைத் தட்டுகளை விற்றார். மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. அப்படியும் போதாமல் மாதக்கணக்கில் வேலை நின்றது. படத்தில் வரும் சிறுவனுக்குக் குரல் உடைந்துவிடுமோ, சிறுமி வளர்ந்துவிடுவாளோ, எண்பது வயதுக் கிழவியாக நடித்த சுனிபாலா தேவிக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து நாட்களைக் கழித்தார்கள். இவற்றில் ஒன்று நேர்ந்திருந்தாலும் அந்தப் படம் நமக்குக் கிடைத்திருக்காது. கடைசியில் படத்தை முடித்து வைத்தது கஷ்டமா? இல்லை. மேற்கு வங்காள அரசாங்கத்தின் பணம்! 1955-ல் படம் வெளிவந்தது. மறு ஆண்டு கான் விழாவில் பரிசு பெற்றது.

தப்பிப் பிழைத்த ஒன்றைக் காட்டி, "பார், பட்டினி எவ்வளவு நல்லது!" என்று சொல்வது நியாயமா? பாதியில் நின்றுபோன படங்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருந்தால் அந்தப் புத்தகம் மிகத் தடிமனாக இருக்கும்.

ஏழாயிரம் டாலர் கதை

அமெரிக்காவிலிருந்தும் ஒரு கதை சொல்வார்கள். ராபர்ட் ரோட்ரிகஸ் என்ற டெக்ஸாஸ் மாணவர் சுமார் 7,000 டாலர் செலவில் 'எல் மரியாச்சி' என்ற படத்தை எடுத்தார். 1992-ல் அது உலகத்தின் கண்ணில் பட்டது. புது மருந்துகளைச் சோதிக்கத் தம் உடம்பையே கொடுத்து, அந்தக் கூலியில் செலவின் ஒரு பகுதியைத் திரட்டினார். டிராலிக்குப் பதிலாகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து காமிராவைப் பிடித்தார். நம் மாணவர்களுக்கு இது ஒரு வேதம் போல. ஆனால் அந்தப் படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவர, அதை வாங்கிய பெரிய கம்பெனி பிரதி எடுப்பதற்கும் ஒலி சேர்ப்பதற்கும் 7,000 டாலரைப் போலப் பல மடங்கு செலவு செய்தது. வேதத்தில் அந்த அத்தியாயத்தை யாரும் படிப்பதில்லை.

இன்னொருவர் சார்லஸ் பர்னெட். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் பல்கலைக்கழக மாணவர். கறுப்பின மக்கள் வாழும் வாட்ஸ் பகுதியில், வார விடுமுறைகளில், 10,000 டாலருக்கும் குறைந்த செலவில், 'கில்லர் ஆஃப் ஷீப்' என்ற படத்தை எடுத்து 1977-ல் பட்டத்துக்காகச் சமர்ப்பித்தார். ஆட்டுத் தொட்டியில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவரின் கதை. 1990-ல் அமெரிக்க தேசம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். ஆனால் ஜனங்கள் தியேட்டரில் அதைப் பார்த்தது எப்போது தெரியுமா? 2007-ல்! படத்தில் சேர்த்திருந்த பாட்டுகளுக்கு உரிமை வாங்கப் பணமில்லாததால் 30 வருஷம் அது பெட்டிக்குள் கிடந்தது. சினிமாப் பாட்டைக் குறும்படத்தில் செருகிவிட்டு, இணையத்தில் ஏற்றியதும் ஒலி அடைபட்டுப் போய் விழிக்கும் நம் மாணவர்கள் பர்னெட்டின் கதையை ஒரு தடவை படிப்பது நல்லது.

நம் நாட்டில் வாசல் முன்னைவிடத் திறந்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சிக்காகக் குறும்படம் எடுத்துக் காட்டிய கார்த்திக் சுப்புராஜ் 2012-ல் 'பீட்சா'வையும், நலன் குமாரசாமி 2013-ல் 'சூது கவ்வும்' படத்தையும் தந்தார்கள். 2015-ல் 'டாஞ்சரின்' என்ற அமெரிக்கப் படம் முழுவதையும் செல்போனிலேயே எடுத்துக் காட்டினார் ஷான் பேக்கர். ஆகவே செல்போனில் எடுத்தால் படமல்ல என்ற வாதம் செத்துப் பத்து வருஷமாகிறது. ஆனால் சில கல்லூரிகளுக்கு அந்தச் சாவுச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஈர்க்குச்சி

இனி என் கட்சி மாற்றத்துக்குக் காரணமான கதை.

தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் கடைசி வருஷ மாணவர்களின் குறும்பட விழாவுக்கு என்னை மூன்று நடுவர்களில் ஒருவனாக அழைத்திருந்தார்கள். பதினோரு படங்கள். முதலில் வந்தது விவசாயியைப் பற்றிய படம். காமிரா பருந்து போல வயலுக்கு மேலே வட்டமிட்டது. நெல் மணியில் பனித்துளி உருண்டது. பின்னணி இசை நெஞ்சை உருக்கியது. மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. படம் பிடித்தவர் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் தொழில்காரர் என்பதும், இசையும் படத்தொகுப்பும் சென்னையில் கூலிக்குச் செய்யப்பட்டவை என்பதும் பிற்பாடுதான் எனக்குத் தெரியவந்தது.

ஏழாவதாக வந்தது ஒரு மாணவி எடுத்த படம். பூக்கட்டி விற்கும் தாயைப் பற்றியது. விடியலுக்கு முன் மொட்டு வாங்கப் போவதும், விரல்கள் நாரைச் சுற்றிச் சுற்றிப் போவதும், கூடையைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்கு நடப்பதும். அந்தத் தாயின் காது நெருக்கத்தில் ஒரு ஷாட் வந்தது. கம்மல் இருக்க வேண்டிய இடத்தில் துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்க ஓர் ஈர்க்குச்சி செருகியிருந்தது. அவ்வளவுதான், அடுத்த நிமிஷமே படம் சட்டென்று முடிந்துவிட்டது. முடிவு என்று ஒன்று இல்லை.

கருத்துச் சொல்லும் முறை என்னிடம் வந்தது. "அந்த ஈர்க்குச்சி! வறுமையை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்? என்ன நுட்பமான கற்பனை!" என்று மைக்கில் முழங்கினேன். ஜனங்கள் கைதட்டினார்கள். பக்கத்து நடுவர், "ஏம்மா, முடிவு எங்கே?" என்று கேட்டார். "காமிரா வாடகை ரெண்டு நாளோட முடிஞ்சு போச்சு சார்" என்றாள் அந்தப் பெண். மண்டபத்தில் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

விழா முடிந்து தாழ்வாரத்தில் அவளைப் பார்த்தேன். "வாடகைக் காமிரா எதுக்கும்மா? செல்போன்லேயே எடுத்திருக்கலாமே" என்றேன்.

"செல்போன்ல எடுத்தா மார்க் குறையும்னு சொல்லிட்டாங்க சார்."

"வாடகை எவ்வளவு?"

"ஆறாயிரம் சார்."

"பணத்துக்கு என்ன பண்ணினே?"

அவள் சற்றுத் தயங்கினாள். "அம்மா கம்மலை வச்சாங்க சார்."

நேயர்களே, நான் மேடையில் வியந்து புகழ்ந்த கற்பனை அதுதான். அந்த ஈர்க்குச்சியைப் படம் பிடித்த காமிராதான் அந்த ஈர்க்குச்சிக்கே காரணம். பிஜோயா ராயின் நகைகள் அடகு போனதைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. இந்தத் தாயின் கம்மலுக்கு அடகுக் கடை ரசீதைத் தவிர வேறு சரித்திரம் கிடையாது.

முதல் பரிசு பருந்துப் படத்துக்குப் போயிற்று. மூன்று நடுவர்களில் இருவர் சொன்னபடி. அந்த இருவரில் நானும் ஒருவன்.

பீரோவுக்குள் இரண்டு காமிரா

நிற்க. அந்தக் கல்லூரியில் காமிராவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு இருக்கின்றன, நல்ல காமிராக்கள். இரும்பு பீரோவில் பத்திரமாகத் தூங்குகின்றன. பார்வையிடும் குழு வருகிற தினத்தில் மட்டும் வெளியே வந்து, மேசைமேல் வீற்றிருந்து, மாலை ஐந்து மணிக்கு மறுபடி உள்ளே போய்விடும் என்று மாணவர்கள் சொன்னார்கள். 'லேப் பீஸ்' மட்டும் வருஷா வருஷம் தவறாமல் வசூலாகிறது.

துறைத் தலைவரிடம் கேட்டேன். நல்ல மனிதர். "உடைஞ்சா யார் சார் பதில் சொல்றது? ஆடிட்ல என்னைத்தானே கேப்பாங்க?" என்றார். அவர் பயத்தில் உண்மை இருக்கிறது. பொருளைப் பூட்டி வைத்தவரை எந்த ஆடிட்டும் கேள்வி கேட்பதில்லை, உபயோகப்படுத்தியவரைத்தான் கேட்கிறது. ஆகவே குற்றம் அவர் ஒருவருடையதன்று. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு பூக்காரி வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதும் உண்மை.

என்ன செய்யலாம்? பிரமாதமான திட்டம் எதுவும் வேண்டாம். நான்கு காரியங்கள் போதும்.

முதலாவது: பரீட்சைக்கு எடுக்கும் படத்துக்கு எல்லோருக்கும் ஒரே வரம்பு வைக்க வேண்டும். கருவி செல்போன் என்றால் எல்லோருக்கும் செல்போன். கல்லூரிக் காமிரா என்றால் எல்லோருக்கும் அதே காமிரா, முறை போட்டு. மூன்று நிமிஷப் படத்துக்கு மொத்தம் இத்தனை நிமிஷம்தான் பதிவு செய்யலாம் என்று, அந்தக் காலத்து நூறு அடி பிலிம் போல ஒரு கணக்கும் வைக்கலாம். அப்போது யார் மூளை வேலை செய்தது என்பது தெரியும்.

இரண்டாவது: பீரோவைத் திறக்க வேண்டும். நூலகத்தில் புத்தகம் தருவது போலப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக் காமிராவைத் தர வேண்டும். பழுது பார்க்கும் செலவுக்கு, வசூலிக்கும் கட்டணத்திலேயே ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். பத்து வருஷம் பீரோவில் இருந்து பழையதாகும் காமிராவைவிட, மூன்று வருஷம் மாணவர் கையில் இருந்து தேயும் காமிரா எவ்வளவோ மேல்.

மூன்றாவது: படத்தின் முடிவில் யார் யார் என்ன செய்தார்கள், எவ்வளவு செலவு, எங்கிருந்து வந்தது என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். வெளியாளைக் கூலிக்கு வைத்துச் செய்த வேலைக்கு மாணவனுக்கு மார்க் போடக் கூடாது.

நான்காவது மாணவர்களுக்கு. தெருவில் லாரியை நிறுத்தியவர், வீட்டைக் கொடுத்தவர், முகத்தைக் கொடுத்தவர், இவர்களெல்லாம் உங்கள் படத்துக்கு முதல் போட்டவர்கள். அனுமதி கேட்டு எடுங்கள். முடிந்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "போட்டோ எடுத்துட்டுப் போனாங்க தம்பி, தரேன்னாங்க, வரவே இல்லை" என்ற புகாரை டீக்கடை, பூக்கடை எல்லா இடத்திலும் நான் கேட்டிருக்கிறேன். கையில் காசில்லாதவன் பிறரிடம் கடன் வாங்குவது தப்பில்லை. திருப்பிக் கொடுக்க மறப்பதுதான் தப்பு.

"சொந்தப் பணத்தைச் செலவழித்துப் படமெடுக்க ஒருவனுக்கு உரிமையில்லையா?" என்று கேட்கலாம். தாராளமாக உண்டு. வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழித்து எடுக்கட்டும். ஆனால் பரீட்சை மண்டபத்துக்குக் கூலிக்கு ஆள் வைத்து விடைத்தாள் எழுத யாரையாவது அனுமதிக்கிறோமா? "நாளைக்கு வேலைக்குப் போகும்போது பெரிய காமிரா தெரிய வேண்டாமா?" என்றும் கேட்கலாம். தெரியத்தான் வேண்டும். அதைக் கல்லூரி சொல்லித்தர வேண்டும். அடகுக் கடை சொல்லித்தரக் கூடாது.

அந்தப் பெண்ணிடம் விடைபெறும்போது, படத்தின் முடிவாக என்ன நினைத்திருந்தாள் என்று விசாரித்தேன். "கூடை காலியானதும் அம்மா வெறுங்கூடையோட வீட்டுக்கு நடந்து வருவாங்க சார், சாயங்கால வெளிச்சத்துல. அதை எடுக்கணும்னு இருந்தேன்" என்றாள். செல்போனிலாவது எடுத்துச் சேர்த்துவிடச் சொன்னேன். "அப்படி எடுத்தா ரெண்டும் ஒட்டாது சார், தனியா தெரியும்" என்றாள். தெரியட்டும் என்றேன். கம்மல் தீபாவளிக்குள் திரும்பிவிடும் என்று அவளாகவே சொன்னாள். நான் கேட்காத கேள்விக்கு அவள் சொன்ன பதில் அது.

அடுத்த வருஷமும் அந்தக் கல்லூரி என்னை நடுவராக அழைக்குமா என்பது இதைப் படித்த பிறகு சந்தேகம்தான். அழைத்தால், சால்வை போடுவதற்கு முன்னால் அந்த பீரோவின் சாவியைக் கேட்பதாக இருக்கிறேன்.